புல்டோசரின் வழியை முன்பே வரைதல்: சபாவின் உலு செகாமா காட்டில் பாதிப்பு குறைந்த மரவெட்டு

போர்னியோத் தீவின் வடமூலையில் இருக்கும் மலேசிய மாநிலம் சபா. அதன் கிழக்கில் லகாட் டத்து நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, செகாமா ஆற்றின் மேல்பகுதியில் உலு செகாமா காப்புக்காடு இருக்கிறது. பக்கத்திலேயே மரவெட்டு நடக்காத டானும் பள்ளத்தாக்கு, சுமார் 43,800 ஹெக்டேர். சுற்றியுள்ள காட்டின் பெரும்பகுதி சபா அறக்கட்டளைக்குத் தரப்பட்ட மரவெட்டு உரிமைக்குள் வரும். இந்த உரிமையின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர்.

1992-இல் இங்கே வழக்கத்துக்கு மாறான ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அறக்கட்டளையின் வணிகக் கிளையான இன்னோபிரைஸ் ஒரு பக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இயங்கிய நியூ இங்கிலாந்து எலெக்ட்ரிக் சிஸ்டம் என்ற மின் நிறுவனம் மறுபக்கம். மரவெட்டைக் கவனமாகச் செய்தால் காட்டில் எவ்வளவு கார்பன் மிஞ்சுமோ அதைத் தன் மின் நிலையங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாகக் காட்டலாம் என்பது மின் நிறுவனத்தின் எண்ணம். அதற்காகச் சுமார் 1,400 ஹெக்டேரில் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் ஆகும் கூடுதல் செலவை அது ஏற்றது. பாதிப்பு குறைந்த மரவெட்டு என்ற இந்தப் புதிய முறையின் விதிமுறைகள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு விதிகளைத் தழுவி எழுதப்பட்டன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மிஷெல் பினார்டும் ஃபிரான்சிஸ் புட்ஸும் விளைவுகளை அளந்தார்கள். 1993-இல் வழக்கமான முறையில் வெட்டப்பட்ட நான்கு காட்டுத் தொகுதிகளும் புதிய முறையில் வெட்டப்பட்ட நான்கு தொகுதிகளும் ஒப்பிடப்பட்டன. வெட்டுக்கு முன்பும் பின்பும் அளந்து இரு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகள் வெப்பமண்டலக் காடுகளில் குறைவு. இந்தச் சிறு திட்டம் இன்றும் பேசப்படுவதற்கு அதுவே காரணம்.

வழக்கமான முறையில் என்ன நடந்தது

முதலில் ரம்பக்காரர் காட்டுக்குள் போவார். மார்பு உயரத்தில் 60 செ.மீ.க்கு மேல் குறுக்களவு உள்ள செராயா, கப்பூர், கெருயிங் போன்ற டிப்டரோகார்ப் குடும்ப மரங்களைத் தேடி, எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம் சாய்ப்பார். கூலி கன மீட்டர் கணக்கு. சில நாள் கழித்து புல்டோசர் வரும். அதன் ஓட்டுநர் ரம்பக்காரரைப் பார்த்திருக்கவே மாட்டார். மேலே வானம் தெரியும் இடைவெளியைப் பார்த்து "அங்கே ஒரு தடி கிடக்கும்" என்று ஊகித்து, முன்தகட்டைத் தரையில் இறக்கியபடியே வழி வெட்டிக்கொண்டு போவார். தடி கிடைக்காவிட்டால் திரும்பி வேறொரு வழி. சில தடிகள் கண்ணில் படாமலேயே போய் அங்கேயே மட்கும்.

காட்டைக் கெடுப்பது ரம்பம் என்றே வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உலு செகாமாவின் எண்கள் புல்டோசரையும் சேர்த்துக் காட்டுகின்றன. வழக்கமான தொகுதிகளில் நிலப்பரப்பில் சுமார் 17 விழுக்காடு சாலையாகவும், புல்டோசர் தடிகளை இழுத்துச் செல்லும் இழுவைத் தடமாகவும் மாறியிருந்தது. புதிய முறையில் அது 6 விழுக்காடு. இதைவிட முக்கியமானது இன்னொரு கணக்கு. வழக்கமான முறையின் இழுவைத் தடங்களில் 87 விழுக்காட்டில் மேல்மண் போய் அடிமண் கிளறப்பட்டிருந்தது. புதிய முறையில் 38 விழுக்காட்டில் மட்டும்.

இந்தக் காட்டில் மேல்மண் போவது ஏன் அவ்வளவு பெரிய இழப்பு? டிப்டரோகார்ப் விதைகளுக்கு மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் திறன் கிடையாது. விழுந்த சில நாட்களிலேயே முளைத்தாக வேண்டும். காடு முழுக்க ஒன்றாகப் பூத்துக் காய்ப்பதும் பல ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆகவே அடுத்த தலைமுறை என்பது நிழலில் முழங்கால் உயரத்தில் காத்திருக்கும் நாற்றுகளே. தகடு ஒருமுறை வழித்துவிட்டால் அந்த நாற்றுகளும் போயின, அவற்றின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் இருந்த மண்ணும் போனது. அங்கே வெயில் விரும்பும் மக்கராங்கா மரங்களும் புல்லும் கொடியும் ஏறிக்கொள்ளும். வெட்டி 2 முதல் 18 ஆண்டு ஆன தடங்களைப் பார்த்ததில், மேல்மண் தங்கிய தடங்களில் இளமரங்களின் அடர்த்தி 18 ஆண்டில் மீண்டிருந்தது. அடிமண் கிளறப்பட்ட தடங்கள் எண்ணிக்கையிலும் இனவகையிலும் பின்தங்கியே நின்றன.

வெட்டுக்கு முந்தைய ஓராண்டு

புதிய முறையின் பெரும்பகுதி வேலை ரம்பம் காட்டுக்குள் போகும் முன்பே முடிந்துவிடுகிறது.

முதல் வேலை கொடி அறுத்தல். 2 செ.மீ.க்கு மேல் தடித்த கொடிகளை வெட்டுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே கத்தியால் அறுத்துவிட வேண்டும். இங்கே ஒரு கொடி நாலைந்து மரங்களின் தலைகளைக் கட்டிப் பிணைத்திருக்கும். ஒன்றைச் சாய்த்தால் மற்றவையும் கூடவே முறியும், அல்லது சாயும் மரம் திசை மாறி ரம்பக்காரர் மேலேயே வரும். கடைசி நேரத்தில் அறுப்பதால் பயனில்லை. பச்சைக் கொடியின் இழுவிசை அப்படியே இருக்கும். உலர்ந்து இற்றுப்போக மாதங்கள் வேண்டும். உலு செகாமாவில் பரப்பு முழுவதும் அறுத்தார்கள். வெட்டப்போகும் மரத்தையும் அதைச் சுற்றி நிற்பவற்றையும் பிணைக்கும் கொடிகளை மட்டும் அறுப்பதே சரி என்பது எங்கள் கருத்து. ஒராங்குட்டானுக்குக் கொடி பழமும் தரும், இலையும் தரும், மரம் விட்டு மரம் போகும் வழியும் அதுவே.

அடுத்தது மரக் கணக்கு. தொகுதியைச் சம அகலப் பட்டைகளாகப் பிரித்து, வெட்டத் தகுதியான ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, இனம், குறுக்களவு, சாய்வு, நிற்கும் இடம் எல்லாவற்றையும் சமவுயரக் கோட்டு வரைபடத்தில் குறிக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டிய இளமரங்களுக்கும் தனி வண்ணக் குறி. ஓடைக்கரைகளும் 35 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளும் வரைபடத்திலேயே அடிக்கப்படும். அங்கே இயந்திரம் நுழையாது.

இதற்கெல்லாம் பிறகே இழுவைத் தடங்களை வரைவது. முகடு வழியாகத் தடம் போக வேண்டும். சரிவின் குறுக்கே வெட்டினால் மேட்டு மண்ணை அரிந்து பள்ளத்தில் தள்ள வேண்டியிருக்கும், அது அடுத்த பெருமழையில் சரியும். ஓடையைக் கடக்கும் இடங்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வரைந்த தடத்தைக் காட்டில் நடந்து சரிபார்த்து, இரு ஓரத்து மரங்களிலும் வண்ணம் பூசுவார்கள். இந்த நடையைத் தவிர்க்கவே முடியாது. மர மூடாக்கின் கீழே பாறை, சதுப்பு, சிறு பள்ளம் எதுவும் வரைபடத்தில் தெரியாது. ஓட்டுநர் இடறிய இடத்தில் திட்டத்தைக் கைவிட்டுத் தன் வழிக்குத் திரும்பிவிடுவார்.

தடங்களைக் குறைத்து ஒரே தடத்தில் பலமுறை ஓட்டினால் அந்த இடம் இறுகிப்போகாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஈர மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் சில ஓட்டங்களிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நூறு முறை ஓடினாலும் கூடுதல் கேடு சிறிது. ஆகவே பத்துத் தடத்தில் இரண்டிரண்டு முறை ஓடுவதைவிட இரண்டு தடத்தில் பத்துப் பத்து முறை ஓடுவது மேல்.

திசை பார்த்துச் சாய்த்தல்

ஒரு மீட்டர் குறுக்களவுள்ள கப்பூர் மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 50 மீட்டர். அடியில் பலகை வேர்கள்.

முதலில் பொந்து சோதனை. ரம்பத்தின் நுனியை அடிமரத்தில் செங்குத்தாகச் செருகுவார்கள். புதுத்தூள் சீராக வந்தால் உள்ளே கெட்டி. பழுப்புத் தூளோ சேறோ வந்தால், அல்லது திடீரென்று ரம்பம் தடையின்றி இறங்கினால் மரம் பொந்து, வெட்ட வேண்டாம். வெட்டிவிட்டு "உள்ளே ஒன்றும் இல்லை" என்று விட்டுப் போவது இரட்டை இழப்பு. பொந்து மரம் இருவாச்சிக்குக் கூடு, அது விழும்போது நசுக்கும் சுற்றுமரங்கள் வேறு.

பிறகு திசை. தடி இழுவைத் தடத்துக்கு 30 முதல் 45 பாகை சாய்ந்து, மீன்முள் அமைப்பில் கிடக்க வேண்டும். அப்போதுதான் புல்டோசரில் கம்பியைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சின் கம்பியால் இழுக்கும்போது தடி சுழன்று பக்கத்து மரங்களின் பட்டையை உரிக்காது. மரம் இயற்கையாகச் சாய்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஓரளவுக்கே திருப்ப முடியும். முழுதும் எதிர்ப்பக்கம் திருப்பப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

வெட்டு மூன்று கட்டம். சாய வேண்டிய பக்கத்தில் குறுக்களவின் நாலில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை ஆழத்துக்கு, அதாவது 20–25 செ.மீ., வாய்வெட்டு. பின்வெட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாய்வெட்டின் அடியைவிடச் சுமார் 10 செ.மீ. மேலே. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 10 செ.மீ. மரம் வெட்டப்படாமல் நிற்க வேண்டும். அந்தக் கீல்தான் மரம் விழும் திசையைப் பிடித்துவைக்கிறது. ஒருபக்கம் கீலைத் தடிமனாக விட்டால் மரம் அந்தப் பக்கமாக இழுபடும். பின்வெட்டில் ஆப்பு அடித்தால் ரம்பம் சிக்காது, மரமும் பின்னால் உட்காராது. கூலிக்கு அவசரப்படும் ரம்பக்காரர் செய்யும் முதல் தவறு கீலை முழுதாக அறுத்துவிடுவது. அந்தக் கணமே மரம் அவர் கையை விட்டுப் போய்விடும். முன்பக்கம் பலமாகச் சாய்ந்த மரத்தில் பின்வெட்டை நேராகப் போட்டால் அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலெழும். அங்கே ரம்ப நுனியை நடுவில் செருகிக் கீலை முதலில் அமைத்து, பின்பக்கம் சிறிது பிடிமானம் விட்டு, அதைக் கடைசியில் அறுக்க வேண்டும். தப்பிக்கும் வழி இரண்டு, சாயும் திசைக்குப் பின்புறம் சாய்வாக, வெட்டும் முன்பே துப்புரவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஓட்டுநரின் பங்கு இதற்கு அப்புறம். புல்டோசர் குறித்த தடத்தை விட்டு இறங்கக் கூடாது. வின்ச் கம்பியைத் துணையாள் தடி வரை இழுத்துப் போய் மாட்ட வேண்டும். முன்தகடு தூக்கியே இருக்க வேண்டும். கம்பியைச் சுமந்து சரிவில் இறங்கி ஏறுவது முதுகு ஒடிக்கும் வேலை. மேற்பார்வை தளர்ந்த நாளில் புல்டோசரே தடியிடம் போய்விடும். உலு செகாமாவில் மேல்மண் போன அந்த 38 விழுக்காட்டைக் குறைக்க இடம் இருந்தது என்றால் அது முக்கியமாக இங்கேதான். மழை பெய்து தரை ஊறினால் வேலையை நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு 2,700 மி.மீ.க்கு மேல் மழை பெறும் பகுதி இது. நிறுத்தும் நாளுக்குச் சம்பளம் இல்லையென்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

தடத்தை மூடுதல்

கடைசித் தடி வெளியேறியதும், அதே புல்டோசர் திரும்பிப் போகும் வழியில் தடத்தின் குறுக்கே மண் வரப்புகள் போட்டுக்கொண்டே வர வேண்டும். மென்சரிவில் 30–40 மீட்டருக்கு ஒன்று, செங்குத்தான இடத்தில் 10–15 மீட்டருக்கு ஒன்று. வரப்பு சற்றுச் சாய்வாக, தண்ணீரைத் தடத்திலிருந்து பக்கத்துப் புதருக்குள் திருப்பும்படி இருக்க வேண்டும். அடிக்கடி பார்க்கும் குறை: வரப்பு போடுவார்கள், தண்ணீர் வெளியேறும் முனையைத் திறந்துவிட மாட்டார்கள். நீர் தேங்கி வரப்பை உடைத்து, வரப்பே இல்லாததைவிடப் பெரிய ஓடையை வெட்டிக்கொள்ளும். ஓடையைக் கடக்கப் போட்ட தடிகளையும் மண்ணையும் அள்ளி எடுக்காவிட்டால் அது அணையாகும், பிறகு ஒரே இரவில் உடையும். 1996 ஜனவரியில் இப்பகுதியில் கொட்டிய பெருமழையில், வெட்டு முடிந்து சில ஆண்டுகள் ஆன மரவெட்டுச் சாலைகளின் ஓரங்கள் சரிந்து ஓடைகளை மண்ணால் நிரப்பின. வண்டல் என்பது வெட்டிய ஆண்டோடு முடிகிற கணக்கு அல்ல.

என்ன கிடைத்தது, என்ன விலைக்கு

வழக்கமான தொகுதிகளில் வெட்டாமல் விட வேண்டிய மரங்களில் 41 விழுக்காடு அழிந்தன. புதிய முறையில் 15 விழுக்காடு. வெட்டுக்கு முன் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 400 டன் உயிர்ப்பொருள் (மரஞ்செடிகளின் உலர் எடை) இருந்தது. ஓராண்டு கழித்து வழக்கமான முறையில் அதில் 44 விழுக்காடும் புதிய முறையில் 67 விழுக்காடும் மிஞ்சின. வேறுபாடு ஹெக்டேருக்குச் சுமார் 100 டன். அதில் பாதி எடை கார்பன்.

இந்த 100 டன்னை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. வழக்கமான முறையில் ஹெக்டேருக்கு 154 கன மீட்டர் எடுத்தார்கள், புதிய முறையில் 104. சரிவையும் ஓடைக்கரையையும் ஒதுக்கியதால் 50 கன மீட்டர் குறைந்தது. கன மீட்டருக்கு அரை டன்னுக்குச் சற்று மேல் என்று வைத்தால் தடி மட்டும் 25–30 டன். கிளை, அடிக்கட்டை, வேர் சேர்த்தால் அது இரட்டிப்பாகும். ஆக, தோராயமாகப் பார்த்தால் மிச்சத்தில் பாதி கவனமாக வெட்டியதால் வந்தது, பாதி குறைவாக வெட்டியதால் வந்தது. இது முறையின் குறை அல்ல. ஆனால் "அதே அளவு மரம் எடுக்கலாம், காடும் தப்பும்" என்று சொல்பவர்களை உலு செகாமா ஆதரிக்கவில்லை. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கிழக்கு கலிமந்தானில், பெராவு வட்டாரத்தில் ஆய்வாளர் பிளினியோ சிஸ்டும் மற்றவர்களும் கண்டதும் அதுவே: ஹெக்டேருக்கு 8 மரத்துக்கு மேல் வெட்டினால் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் பயன் கரைந்துபோகிறது.

அந்த 50 கன மீட்டர்தான் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். பிரேசிலின் பாரா மாநிலத்தில், பரகொமினாஸ் அருகே கவுவாஷிப் பண்ணையில் நடந்த ஒப்பீட்டில் பாதிப்பு குறைந்த முறையே கன மீட்டருக்கு 12 விழுக்காடு மலிவாக முடிந்தது. அங்கே தரை சமம், ஹெக்டேருக்கு எடுப்பதே சுமார் 25 கன மீட்டர். தடியைத் தேடி அலையாததும், வெட்டிய மரம் வீணாகாததும் நேரடி லாபம். போர்னியோவின் செங்குத்து மலையில், ஹெக்டேருக்கு அதைப்போல் ஆறு மடங்கு எடுத்துப் பழகிய இடத்தில், அந்தச் சேமிப்பு இழந்த மரத்தை ஈடுகட்டாது. பிரேசில் எண்ணைக் காட்டிப் போர்னியோ ஒப்பந்தக்காரரிடம் "உங்களுக்கும் லாபம்தான்" என்று சொல்வது அவரை ஏமாற்றுவது. இங்கே யாராவது காசு கொடுத்தாக வேண்டும், அல்லது சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். 1992-இல் மின் நிறுவனம் கொடுத்தது.

டெராமாகோட்: கூலியை மாற்றிய இடம்

கினபத்தாங்கன் ஆற்றை ஒட்டிய டெராமாகோட் காப்புக்காடு, சுமார் 55,000 ஹெக்டேர், வேறு வழி எடுத்தது. 1950-களிலிருந்து வெட்டிக் களைத்துப்போன காடு. 1989-இல் வெட்டு நின்றது. ஜெர்மன் தொழில்நுட்ப உதவியுடன் சபா வனத்துறை திட்டம் வகுத்தது. 135 தொகுதிகளாகப் பிரித்து, 1995 முதல் பாதிப்பு குறைந்த முறை மட்டுமே. 1997-இல், காட்டைப் பொறுப்போடு நிர்வகிப்பதற்கான சர்வதேச எஃப்.எஸ்.சி. சான்று கிடைத்தது. விதிகள் உலு செகாமாவைவிடக் கடுமை: 25 பாகைக்கு மேற்பட்ட சரிவு விலக்கு, 60 செ.மீ.க்குக் கீழும் 120 செ.மீ.க்கு மேலும் உள்ள மரத்தைத் தொடக்கூடாது. மிகப் பெரிய மரங்கள்தான் விதை தருபவை. அவற்றுள் பொந்தும் அதிகம்.

இங்கே ஒப்பந்தக்காரர் செய்வது வேலை மட்டும். தடி வனத்துறைக்குச் சொந்தம், துறையே ஏலம் விடுகிறது. சான்று பெற்ற மரத்துக்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைத்ததும் உண்டு. குறித்த மரத்தைக் குறித்த தடத்தில் கொண்டுவருவதற்குக் கூலி என்றால், குறிக்காத மரத்தை வெட்ட யாருக்கும் தூண்டுதல் இல்லை. சில இடங்களில் புல்டோசருக்குப் பதில் நீண்ட கம்பியுடன் எக்ஸ்கவேட்டர் மேல் பொருத்திய வின்ச்சையும் பயன்படுத்தினார்கள். அது சாலையிலேயே நின்று தடியை இழுக்கும். இழுவைத் தடத்தின் நீளமே குறைந்துவிடும்.

உலு செகாமாவின் கதை வேறு மாதிரிப் போனது. திட்டப் பரப்புக்கு வெளியே வெட்டு தொடர்ந்தது, பல பகுதிகள் மறுபடி மறுபடி வெட்டப்பட்டன. 2006 மார்ச்சில் சபா அரசு உலு செகாமா–மாலுவா பகுதியின் சுமார் 2.4 லட்சம் ஹெக்டேரில் 2007 முடிவுக்குள் மரவெட்டை நிறுத்துவதாக அறிவித்தது. ஒராங்குட்டான்களின் முக்கிய வாழிடம் என்பது ஒரு காரணம். வெட்டத் தகுந்த மரம் அருகிப்போயிருந்ததும் உண்மை.

சான்றிதழை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிழக்கு கலிமந்தானின் ஒன்பது மரவெட்டு உரிமைகளில் பிரான்சன் கிரிஸ்காமும் மற்றவர்களும் அளந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சான்று பெற்றவற்றின் மொத்தக் கார்பன் வெளியேற்றம் பெறாதவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கவில்லை. ஒரு தொகுதியைப் பார்க்கப் போகிறவர் ஆவணக் கோப்பை வாங்குவதற்கு முன் தடத்தில் நடக்கட்டும். வண்ணக்குறிக்கு வெளியே சங்கிலிச் சக்கரத் தழும்பு உண்டா, அடிக்கட்டைகளில் கீல் தெரிகிறதா, வெட்டிவிட்டு எடுக்காமல் கிடக்கும் பொந்துத் தடிகள் எத்தனை, குறுக்கு வரப்பின் வெளிமுனை திறந்திருக்கிறதா, ஓடைக் கடவையில் போட்ட மண் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கட்டும். அரை நாள் நடந்தால் போதும், அங்கே எந்த முறையில் வெட்டினார்கள் என்பது தெரிந்துவிடும்.